கடைசியில் பிரிக்கலாம் என்று வைத்த சாட்சி

என் கோபத்துக்கெல்லாம் சிரிப்பையே பதிலாகத் தந்த அண்ணா,

தீர்ப்பு வந்துவிட்டது. நீ திருடன் இல்லை என்று ஆகிவிட்டது. அண்ணி உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். எனக்கு அன்று அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. கோர்ட்டு மேல் கோபம், உன் முதலாளி மேல் கோபம், எல்லாரையும்விட உன் மேல் கோபம். இருக்கும்போது என் பேச்சை நீ முழுசாகக் கேட்டதே இல்லை. இப்போது எழுந்து போக முடியாது அல்லவா, கேள்.

ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதனால் நடந்ததை எல்லாருக்கும் கேட்கும்படியே சொல்கிறேன். நீ பட்டுக் கடையில் புடவை காட்டுகிறவன். சின்ன காஞ்சிபுரத்து வேதவல்லி டீச்சர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். மகளுக்குக் காய்ச்சல், கூட வர முடியவில்லை. அரக்குப் புடவை டீச்சருக்குப் பிடித்துவிட்டது, ஆனால் பெண் பார்க்க வேண்டும். கல்லாவில் இருந்த முதலாளி டீச்சர் காதுபடவே சொன்னார். "இன்னாத்துக்கு யோசனை? நீ வீட்டுக்கே எடுத்துக்கினு போய்க் காட்டிட்டு வாப்பா."

நீ போய்க் காட்டினாய். பெண்ணுக்கு நிறம் பிடிக்கவில்லை. திரும்பி வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள், காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று புடவையோடு வீட்டுக்கு வந்தாய். அதற்குள் நீ வேறு கடைக்கு மாறப்போகிறாய் என்று யாரோ முதலாளியிடம் ஓதிவிட்டார்கள். பாதி வாடிக்கையாளர்கள் உன் பின்னால் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. காலையில் பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்தது. புடவை உன் பையில் இருந்தது. அப்படி ஒரு புடவையைக் கொடுத்தனுப்பவே இல்லை என்று அந்த மனிதர் கூசாமல் சொன்னார்.

"டீச்சர் பேரைச் சொல்லுண்ணா" என்று நான் கத்தினேன். கல்யாண வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கக் கூடாது என்றாய். சரி, அது உன் நல்ல மனசு. ஆனால் கல்யாணம் முடிந்து, கேஸ் கோர்ட்டுக்கு வந்து, உன் பக்கம் சாட்சி உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது ஏன் இல்லை என்றாய்? உன் வக்கீலிடம்கூட டீச்சரைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. கோர்ட்டு வாசலில் வைத்து நான் கேட்டதற்குச் சிரித்தாய்.

"எல்லாத்தையும் மொதல்லயே எறக்கிடக் கூடாதும்மா. நல்லத கடைசிலதான் பிரிக்கணும். இங்க தோத்தா மேல கோர்ட்டு இருக்குது, அங்க டீச்சர நிறுத்துறேன், பாரு."

புடவைக் கடையில் அது சரிதான். ஐம்பது புடவையைக் கலைத்துப் போட்டு, வந்தவர்கள் எழுந்திருக்கும் நேரம் பார்த்து, பின்னால் வைத்திருந்த ஒன்றை நீ மடியில் பிரிப்பாய். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கோர்ட்டையும் ஒரு கடை என்று நினைத்தாயே, அண்ணா! உனக்குச் சிறைத் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அப்பீல் போட்டு, ஜாமீனில் வந்து, நாம் புது வக்கீலம்மாவைப் பார்க்கப் போனது நினைவிருக்கிறதா? டீச்சரைப் பற்றி நீ பெருமையாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. "அப்பீல்னா மறுபடியும் மொதல்லேர்ந்து கேஸ் நடத்துறது இல்லீங்க" என்றார். "சாட்சியெல்லாம் கீழ் கோர்ட்டோட முடிஞ்சுது. அங்க பதிவானத இவங்க திரும்பப் படிச்சு, கீழ எடுத்த முடிவு சரியான்னு பாப்பாங்க. புதுசா சாட்சி வேணும்னா தனியா மனு போடணும். அதுவும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க." அன்றுதான் உன் சிரிப்பு நின்றது. நான் உன்னைத் திட்டவில்லை, அந்தப் பாக்கியைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

அப்பீல் எடுப்பதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டாய். உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஈரம் காய்வதற்குள் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். "ஆளே பூட்டான். இனி கேஸ் இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? உட்டுத் தள்ளும்மா." வக்கீலம்மாவின் குமாஸ்தாவும் அதையே சொன்னான். அப்பீல் போட்டவர் இறந்தால் அப்பீலும் அதோடு முடிந்துவிடுமாம். அப்படியென்றால் நீ திருடன் என்ற தீர்ப்பு? அது மட்டும் முடியாதாம், அப்படியே நிற்குமாம். இது என்ன நியாயம்?

கோர்ட்டு வராந்தாவில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் இவர்கள் இடத்தில் ஏறிவிட்டதாகச் சிவில் வழக்கு. அவருடைய அப்பா நடுவில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் பேரைச் சேர்த்துக்கொண்டு அப்பீல் பாட்டுக்கு நடக்கிறது. சுவருக்கு வாரிசு வரலாம், மனுஷன் பேருக்கு வரக் கூடாதா என்று குமாஸ்தாவைப் பிடித்துக் கத்தினேன். சத்தம் கேட்டு வக்கீலம்மா வெளியே வந்தார். என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, "வழி இருக்குதும்மா. ஜெயில் தண்டனைன்னா நெருங்குன ஒறவு யாராச்சும் முப்பது நாளுக்குள்ள அனுமதி கேட்டு அப்பீலத் தொடரலாம். கூடப் பொறந்தவங்களும் அதுல வருவாங்க" என்றார்.

காரியம் முடியாமல் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது என்று வீட்டில் ஒரே கூச்சல். நான் ஏறினேன். அண்ணியால் எழுந்து நடக்கக்கூட முடியவில்லை, அதனால் என் பேரில் மனு. அனுமதி கிடைத்தது.

டீச்சருக்காகவும் மனு போட்டோம். அவர் மூட்டுவலியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் கேட்டது ஒரே கேள்வி. இந்தச் சாட்சியைக் கீழ் கோர்ட்டில் ஏன் விசாரிக்கவில்லை? டீச்சர் ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று குமாஸ்தா முன்பே என் காதில் ஓதியிருந்தான். பொய் சொன்னதாக உன் பேரில் இன்னொரு பழி வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். தெரிந்தே வைத்துக்கொண்ட சாட்சியை இப்போது கொண்டுவந்து ஓட்டையை அடைக்க முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். "நான் என் காதால கேட்டேனே, அதைச் சொல்லக்கூட இவா விடமாட்டாளா?" என்று டீச்சர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? நீ சொல்.

பிறகு எப்படி ஜெயித்தோம் தெரியுமா? கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். மற்ற விற்பனையாளர்களும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் புடவை கொண்டுபோவது உண்டா என்று பழைய வக்கீல் முதலாளியைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார். உண்டு என்று அவரும் சொல்லியிருக்கிறார். வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். மாஜிஸ்திரேட் அதைத் தாண்டிப் போய்விட்டார். ஜட்ஜ் அந்த இடத்தில்தான் நின்றார். அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போது, பையில் புடவை இருந்தது என்பதை மட்டும் வைத்துத் திருட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, சந்தேகத்தின் பலனை உனக்குக் கொடுத்து விடுதலை செய்தார். முதல் நாளே எல்லார் கண் முன்னாலும் கிடந்த பேச்சு, அண்ணா. நீ ஒளித்து வைத்தது கடைசிவரை பிரிபடவே இல்லை.

நேற்று கோயில் தெருவில் பூ வாங்கும்போது உன் முதலாளி எதிரில் வந்தார். பூக்காரம்மா காதில் விழட்டும் என்றே சொன்னார்.

"கோர்ட்டே சந்தேகம்னுதாம்மா எழுதியிருக்குது. சுத்தம்னு ஒண்ணும் உட்றல."

"சந்தேகம் எங்கண்ணன் மேல இல்லீங்க" என்றேன். "நீங்க சொன்ன கதை மேல. சிவில் கேஸ்ல எந்தப் பக்கம் நம்புற மாதிரி இருக்குதுன்னு பாப்பாங்களாம். இதுல குத்தம் சொன்னவங்க சந்தேகமே இல்லாம நிரூபிக்கணுமாம். உங்களால முடியல. தீர்ப்புல எழுதியிருக்கிறது அதான்."

பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இரு, நானும் மேல போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். இறந்துபோனவர் மேல் அப்பீல் போட முடியாது என்றார். கேட்டதும் சிரித்தேன். நீ செத்துத்தான் அந்த ஆளிடமிருந்து தப்பிக்க வேண்டியிருந்ததா? அப்போதுதான் அழுகை வந்தது. நடுத்தெருவில், கையில் பூவோடு நின்று அழுதேன்.

உன் வருஷத் திதிக்குத் தெருவையே கூப்பிடப் போகிறேன். முதலாளிக்கும் நானே போய்ச் சொல்வேன். டீச்சர் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கோர்ட்டு கேட்காததை அன்று எல்லாரும் கேட்கட்டும். இலை போட்டு, சாப்பிட்டு, எல்லாரும் எழுந்திருக்கும் நேரம்வரை காத்திருக்க மாட்டேன். வந்தவர்கள் உட்கார்ந்ததும் முதல் ஆளாக டீச்சரைத்தான் பேசச் சொல்வேன், இது சத்தியம். உன் வியாபாரம் உன்னோடு போகட்டும், அண்ணா.

உனக்கு நெருங்கிய உறவு என்று கோர்ட்டே ஒப்புக்கொண்ட
உன் தங்கை,
சுந்தரி