அத்தானின் வெள்ளக் கலர்

பிரியமுள்ள அத்தான்,

உங்கள் படம் பிழைத்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால், நடந்ததைக் கேட்டு அங்கிருந்தே என் காதைத் திருகுவீர்கள்.

போன மழையில் காலேஜ் ஹால் ஒழுகி, நீங்கள் கையால் கலர் தீட்டிய நான்கு பழைய காலேஜ் போட்டோப் படங்களும் கறைபட்டன. நம் ஸ்டூடியோவுக்கே சரிசெய்ய அனுப்பினார்கள். பழவங்காடி வீட்டில் உங்கள் மேஜையில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். மூன்று தேறின. நான்காவது முன்கட்டிடம். சுவரில் சிவப்பு திட்டுத்திட்டாக நின்றது.

உங்கள் நோட்டைப் புரட்டினேன். "சுவர்: வெள்ளக் கலர்" என்றிருந்தது. இப்போதும் அந்தச் சுவர் வெள்ளைதானே? சிவப்பை வேறு யாரோ பூசிக் கெடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எண்ணெய்க் கலரில் வெள்ளையை எடுத்து முழுச் சுவரையும் மூடிவிட்டேன். மேதாவி!

அக்கா வந்து பார்த்தாள். "ஏலே, சுவருக்கு வெள்ளையடிக்கதுக்கு முந்தி இருந்த அந்தச் செங்கச் செவப்புக்கு அவுக ஒரு வாரம் மெனக்கெட்டாகல்லா! எங்க அது?"

நோட்டை நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அவுக வெள்ளம்னா தண்ணிலே! தண்ணியில கரைக்கிற கலரு!"

எனக்குத் தெரியாததா? சாப்பிட உட்கார்ந்ததும் நீங்கள் மலையாளத்துக்காரர் மாதிரி "வெள்ளம்" கேட்பீர்கள். "எந்த ஊர் முழுகணும் அத்தான்?" என்று நான் கேலி செய்வேன். எழுத்தில் பார்த்தபோது மட்டும் ஏன் உறைக்கவில்லை?

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் கடைசியாகத் தீட்டிய படம் அது. பிறகுதான் புத்தி வந்தது. உங்கள் சிவப்பு தண்ணீரில் கரைத்ததென்றால் டர்பன்டைன் அதைத் தொடாது, என் எண்ணெய் வெள்ளையை மட்டும்தான் எடுக்கும். பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்தேன். ஒரு செங்கல் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கறை தின்ற இடங்களை மட்டும் நான் சிவப்பால் நிரப்பினேன். தண்ணீரில் கரைத்துத்தான்.

பாஷை பார்த்து ராஜ்யத்தைப் பிரிக்கப்போகிறார்கள் என்று கிழக்கேகோட்டையில் ஒரே பேச்சு. உங்களை எந்தப் பக்கம் சேர்த்திருப்பார்களோ?

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் சொல் எதையும் அக்கா வாயில் எடுத்ததில்லை. அன்று படத்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளம் குடிக்கியாலே?"

குடித்தேன், அத்தான். இனி இந்த வீட்டில் தாகமெடுத்தால் அப்படியே கேட்பேன். கேலி இல்லை, சத்தியம்.

உங்கள் அருமை மைத்துனன்,
சங்கரன்