எனக்குப் பதிலாக வருகிறவர்

அன்பு மகள் பட்டாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நான் சுகமாகத்தான் இருக்கிறேன், தெர்மாமீட்டரும் அதையேதான் சொல்கிறது. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகம் என்று காதில் விழுந்தால் போதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். மாப்பிள்ளையும் சுகம்தான். முந்தாநாள் கப்பலிலிருந்து இரண்டு வரி அனுப்பியிருந்தார். காய்ச்சல் பயத்தில் துறைமுகத்துக்குள் விடமாட்டேன் என்கிறார்கள், கரையேற மூன்று வாரமாவது ஆகும், நீங்கள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில்தான் மாமா நான் தூங்குகிறேன் என்று. அவர் தூங்குகிறார், அதைப் படித்த எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது அம்மா. போன வெள்ளிக்கிழமை டிக்கெட் எல்லாம் சரியாக இருக்கிறது, பெட்டி கட்டியாயிற்று, நீ நிம்மதியாக இரு என்றேனே, அதில் பெட்டி கட்டியது மட்டும்தான் நிஜம். காகிதத்தில் பொய் எழுத எனக்கு வராது. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன், மாற்றிப் படித்துத் தொலைக்காதே. இன்று மாலை புறப்படுகிற விமானத்தில் நான் ஏறப்போவதில்லை. பதறாதே, முதலில் உட்கார், ஒரு வாய் தண்ணீர் குடி. நீ தனியாகப் பிள்ளை பெறப் போவதில்லை, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனால் அந்த ஏற்பாடு என்ன என்பதை இந்த முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் சொல்வேன், முதலிலேயே சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

நீ உத்தரவு போட்டபடி பதினைந்து நாளைக்கு முன்பே வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். கூட்டத்துக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை. காய்கறி வாங்கக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி கட்டி, கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டப் பழகினேன். உன் அம்மா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். நீ பிறந்தபோது உன்னைத் தூக்கவே பயந்து மூன்று நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவன் நான். இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இன்றைக்கு ஒன்பது நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டுக்குப் போகிற படுக்கை லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கட்டிலில் ஒரு நோயாளி, கூட ஒரு நர்ஸ். நான் லீவில் இருக்கிறேன் சார் என்றேன். "தெரியுதுப்பா, உன் பொண்ணு விஷயமும் தெரியும். ஆனா அந்தப் பழைய மிஷின் உன் கைக்குத்தான் அடங்கும். புதுசா வந்த ரெண்டு பேரும் காய்ச்சல் வார்டுன்னதும் போனை அணைச்சுட்டாங்க. உள்ள இருக்கிற ஆக்சிஜன் சிலிண்டர் முக்கால் மணி நேரம்தான் தாங்குமாம்" என்றார். சட்டையை மாட்டும்போதுகூடப் போவதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், யோசித்துக்கொண்டே தெருமுனைக்கு வந்துவிட்டேன். இப்போதும் கேட்கிறேன், அந்த முக்கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன செய்திருக்க முடியும், நீயே சொல்.

பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏழு மாடி ஏறினேன். என் முட்டி எனக்குச் சொன்ன வசவுகளை இங்கே எழுத முடியாது. மொட்டை மாடியில் மோட்டார் அறை, அங்கே துணைக்கு அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மட்டும்தான் வந்தார். என் வயதுதான் இருக்கும், எப்போது போனாலும் உள்ளே நுழைவதற்குள் மழை வருமா வராதா என்று ஜோசியம் சொல்கிற மனுஷர். மெயினை அணைத்துவிட்டு நான் பிரேக்கை விடுவிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும், தனி ஆளாக முடியாத வேலை. "நான் சொன்னா சுத்துங்க, சொன்னா நிறுத்துங்க" என்றேன். "கல்யாணமாகி முப்பது வருஷமா அதைத்தானே செய்யறேன்" என்றார். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கூண்டில் ஆள் குறைவு, மறுபக்கம் தொங்கும் எடைதான் கனம், அதனால் மேலே ஏற்றுவதுதான் சுலபம். விரல் விரலாக நாலாவது மாடிக்கு ஏற்றினோம். கீழே இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தால் தரைக்கும் கூண்டுக்கும் நாலு விரல் மேடு பள்ளம், கட்டில் சக்கரம் ஏறவில்லை. அந்த நர்ஸ் பெண் ஒருத்தியால் எப்படித் தூக்க முடியும், நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். என் முகத்தில் இருந்தது சாதாரணத் துணி. அந்த நோயாளி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவராம், நாற்பது வயதுகூட இருக்காது. கட்டில் வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. ஏதோ சொல்ல வந்தார், இருமல்தான் வந்தது. கையை உதறிவிட்டு வர மனசு வருமா? வார்டு கதவு வரைக்கும் அப்படியே நடந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன், சட்டையைக் கொதிநீரில் போட்டேன், எல்லாம் கழுவிப் போய்விட்டது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை அந்த நர்ஸே போன் செய்தாள். சூப்பர்வைசரிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். "அண்ணா, அவருக்கு ரிசல்ட் வந்துடுச்சு, அதே காய்ச்சல்தான். தொட்டவங்க எல்லாரும் இருபத்தொரு நாள் வெளிய போகக் கூடாது. உங்க பேரு எங்க லிஸ்ட்ல இல்ல, பின்னாடி வழியா வந்திருக்கீங்க, அதான் நானே கூப்பிட்டேன்" என்றாள். சரிம்மா சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன், வீட்டுக்குள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். டிக்கெட் போட்டுக் கொடுத்த உன் மாமாவிடம் போனில் சொன்னேன். அவன் பதறவே இல்லை. "அத்தான், உங்களுக்கு ஜுரம் இருக்கா? இல்ல. இருமல்? இல்ல. பிளேன் ஏற நிரப்பற ஃபார்ம்ல கடைசிக் கேள்வி, நோயாளியோட பழகினீங்களான்னு. இல்லைன்னு ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது. லிஸ்ட்லயே இல்லாத ஆளை யாரு தேடப்போறாங்க? அங்க அவ ஒத்தையா வயித்தைத் தூக்கிட்டு நிக்கறா" என்றான். அவனைத் திட்டாதே. உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான், எனக்கும் அது தேனாகத்தான் இனித்தது. அந்தத் தைரியத்தில்தான் வெள்ளிக்கிழமை உன்னிடம் அப்படிப் பேசினேன். ஆனால் ஃபார்மை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் டிக் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தேன், அந்தக் கட்டமே கிழிந்து ஓட்டையாகிவிட்டது. போகாவிட்டால் நீ பிரசவ அறைக்கு வெளியே ஒரு முகம்கூட இல்லாமல் போவாய், போனால் என்ன கொண்டு வருவேனோ. ஒரு நாளில் பத்துத் தடவை பெட்டியைத் திறந்தேன், பத்துத் தடவை மூடினேன்.

சனிக்கிழமை காலை நர்ஸ் மறுபடி விசாரித்தாள், ஜுரம் ஏதாவது தெரிகிறதா, வீட்டில் கூட யார் என்று. யாரும் இல்லை, மூன்று நாளில் நான் வெளிநாடு போகிறேன், மகளுக்குப் பிரசவம் என்று உளறிவிட்டேன். போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. புத்தி சொல்லவும் இல்லை. அப்புறம், "எனக்குப் பத்து மாசத்துல ஒரு பாப்பா இருக்கா அண்ணா. அன்னிக்கே அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். பால் குடிக்கிற குழந்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு, சுகாதார ஆபீஸ் நம்பரைத் தேடி நானே கூப்பிட்டு என் பேரைச் சொன்னேன். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு ஆச்சரியம். "உங்க பேரை யாருமே குடுக்கலியே, நீங்களா ஏன் சார் வந்து மாட்டிக்கிறீங்க?" என்றார். அவர் கேட்ட கேள்வி நியாயம்தான். சாயங்காலமே வந்து கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மாடி வீட்டுக்காரர் என் வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், எதிர்க்கடை தையல்காரர் மட்டும் சாப்பாட்டுப் பையைக் கதவுப் பிடியில் மாட்டி, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் படியிறங்கிப் போய் நின்று குரல் கொடுக்கிறார். நான் சாப்பிட்டேனா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்போதும் எனக்கு உள்ளே ஒரு நப்பாசை இருந்தது. ஒன்றும் வராது, சோதனை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், இரண்டு நாள் தள்ளியாவது ஏறிவிடலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை அதுவும் போயிற்று. என்னோடு சக்கரம் சுற்றிய வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மத்தியானம் படுத்துவிட்டாராம், அதே வார்டில், அதே லிஃப்டில் ஏற்றித்தான் கொண்டு போனார்களாம். நானும் அவரும் அந்தக் கட்டிலை ஆளுக்கொரு பக்கம்தான் பிடித்தோம் அம்மா. எனக்கு வந்திருந்தால்? விமானத்தில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், இறங்கியதும் நான் முதலில் யார் தலையைத் தடவியிருப்பேன்? இன்று அவருக்கு மூச்சு கொஞ்சம் தேவலை என்று நர்ஸ் சொன்னாள். வேன் ஓட்டுகிறவர் கண் திறந்து கஞ்சி கேட்டாராம். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை, தொண்டை மட்டும் கரகரக்கிறது, அது டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி உன் மாமாவிடம் கத்தியதால்கூட இருக்கலாம். இதை எழுதுவதற்குள் நாலு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், அது உடைந்தால்தான் எனக்கு நிம்மதி. உன் தேதிக்கு இன்னும் எட்டு நாள், எனக்கு வெளியே வர இன்னும் பன்னிரண்டு நாள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது.

இதுவரை எழுதியது சுலபம், இனிமேல்தான் நீ கோபப்படப் போகிறாய். நேற்று நான் உன் மாமியாருக்குப் போன் செய்தேன். ஆமாம், அவருக்கேதான். போன வருஷம் உன் வீட்டுக்கு வந்து நீ ஆபீஸ் போன நேரத்தில் அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கி, நீ கேட்டதற்கு வேலைக்குப் போகிறவளுக்கு வீடு எதற்கு என்று சொல்லி, நீ அழுது, அவர் தங்க நினைத்த நாள் முடியுமுன்னே திரும்பிப் போனாரே, அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை, நானும் என் பங்குக்குப் போன் போட்டு, என் பெண் வீட்டில் என் பெண் வைத்ததுதான் சட்டம் என்று நாலு வார்த்தை சூடாகக் கேட்டவன்தான். அந்த வாயாலேயே நேற்று கூப்பிட வேண்டியிருந்தது. அவர் ஊரில் காய்ச்சல் இல்லை. போன தடவை வாங்கிய விசா இன்னும் செல்லும். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தேன். "சம்பந்தி, சுத்தி வளைக்காதீங்க. எப்ப கெளம்பணும், அதைச் சொல்லுங்க" என்றார். எழுதி வைத்த தாளை மடித்து வைத்துவிட்டேன். உன் மாமா உடனே டிக்கெட் போட்டான், செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தானோ என்னவோ. நாளை ஏறுகிறார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் உன் வீட்டு வாசலில் இருப்பார். எல்லாம் பேசி முடித்துப் போனை வைக்கப் போனேன், அப்போதுதான் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ கதவைத் திறப்பாளா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் இதற்கு முன் கேட்டதில்லை. திறப்பாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். நீ அவரோடு ராசியாகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அலமாரியை மாற்றினால் நீயும் திருப்பி மாற்று, சண்டை வந்தால் போடு, குழந்தை வெளியே வந்த பிறகு இரண்டு பேரும் தாராளமாகப் போடுங்கள். வலி எடுக்கிற நேரத்தில் வண்டியைக் கூப்பிடவும், டாக்டர் உள்ளே இருந்து வந்து, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் நான் இருக்கிறேன் என்று எழுந்து நிற்கவும் ஒரு ஆள் வேண்டும். அது நானாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். முடியவில்லை, அப்பாவை மன்னித்துக்கொள்.

கால் வீக்கத்தைக் கவனி, நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், பசியோடு படுக்காதே. இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்யாதே, ஒரு மணி நேரம் கழித்துச் செய், நானும் கொஞ்சம் தேறிக்கொள்கிறேன். நீயும் குழந்தையும் நல்லபடியாக ரெண்டு உயிராகி, ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். கடைசியாக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். உன் மாமியார் வாசல் மணியை இரண்டு தடவைதான் அடிப்பாராம். மூன்றாவது தடவை அடிக்க மாட்டாராம், பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாராம், அதையும் என்னிடம் சொல்லித்தான் போனை வைத்தார். இரண்டாவது மணி ஓய்வதற்குள் திறந்துவிடு, கண்ணு.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா