நிறுத்திய மாத்திரை

மைசூர்,
3-11-1997

சிரஞ்சீவி ஸ்ரீகுமாருக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

க்ஷேமம் என்று தொடங்கும் வழக்கத்தை இம்முறை கைவிடுகிறேன். உன் மன்னி காமாக்ஷியின் குதிகாலில் வந்த கரும்புள்ளியைச் செருப்புக்கடி என்று எண்ணியிருந்தோம். தோல் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெட்டி எடுத்தாயிற்று. இப்போது தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.

மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றின் மருந்தைச் சேர்த்ததும், கண்ணாடிக் கிண்ணத்தில் தோல் புற்றுநோய்ச் செல்கள் மடிந்தன என்று உன் ஆய்வகச் செய்தியைச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். அதே மாத்திரையைக் காமாக்ஷி மூன்று ஆண்டுகள் சாப்பிட்டாள். இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பிப்ரவரியில் நம் பெண் சுஷ்மாவைப் பெண்பார்க்க வந்தபோது, அவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் கெடும் என்று மாத்திரைகள் எல்லாவற்றையும் நானே எடுத்து எறிந்தேன். இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. அதிலிருந்து ஆறாம் மாதம் புள்ளி வந்தது.

என் கேள்வி ஒன்றே. நான் நிறுத்தியதால் நோய் வளர்ந்ததா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

கணபதிராமன்


லண்டன்,
14-11-1997

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

ஆம் என்றும் இல்லை என்றும் என்னால் எழுத முடியவில்லை. கிண்ணத்தில் நாங்கள் சேர்க்கும் அளவை உடம்பு தாங்காது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் நிலைக்கு நாங்கள் வரவே இல்லை. அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் விதி மீறாதவர்தான், ஆனாலும் பயந்திருக்கிறீர்கள்.

உங்கள் இந்தச் சந்தேகத்தை மன்னியிடம் சொன்னீர்களா? முதலில் சொல்லுங்கள்.

ஸ்ரீகுமார்


மைசூர்,
26-11-1997

அன்புள்ள ஸ்ரீகுமாருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே காமாக்ஷியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழாமல் சொன்னாள்:

“நான் நிறுத்தவே இல்லை. டாக்டர்ட்ட சொல்லி மறுபடியும் வாங்கிண்டேன். ஒரு நாள் விட்டதில்லை. ஆபீஸ்ல அத்தனை ஃபைல் பாக்கறேள், ஆத்துல உளுத்தம்பருப்பு டப்பாவைத் திறந்து பாத்ததுண்டா?”

ஏன் மறைத்தாய் என்றேன். உங்களுக்குப் பயந்துதான் என்றாள்.

ஆக, நான் நோயை வளர்க்கவில்லை. மாத்திரை அதைத் தடுக்கவும் இல்லை. மறுபடி கொடுக்கத் தொடங்கினால் பிழைத்துவிடுவாள் என்று உனக்கும் எழுதாமல் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அது போயிற்று. ஒருத்தியைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பாய். சரியே. எனக்கு இருப்பவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை மறுபடி அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுக்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை. கேட்கப் போவதில்லை; நிற்கப் போகிறேன்.

அண்ணா