சாமி மரத்தில் சிவப்புக் குறி

அன்பு மகள் ஷாமளாவுக்கு அப்பா எழுதுவது. முனீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். கூச்சிங் மழையில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய், படித்தால் தெரியும்.

நம் கரங்கான் தோட்டத்துப் பக்கம் இப்போது கெரேத்தா கெரேத்தாவாக, கார் மேல் காராக ஆட்கள் வருகிறார்கள், பறவை பார்க்கவாம்! நம் கோயில் மரப் பொந்தில் எங்காங், அதுதான் இருவாச்சி, பெட்டை உள்ளே புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு முட்டையிட்டிருக்கிறது. ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. இதைப் பார்க்கவா பினாங்கிலிருந்து வருவான்? மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்து டிவிஷன் கோயிலை உடைப்பதற்கு முன் நிலம் அளக்க வந்தவர்களும் இப்படித்தான் நின்றார்கள். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் உன் அத்தை மகன் சசிதரனும், "மாமா, அவங்க மேல ஒரு கண்ணு வைங்க லா, ஆளுங்க சரியில்ல" என்றான்.

அன்றிலிருந்து கோயில் வாசலிலேயே உட்கார்ந்தேன். போன ஞாயிறு மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சீனப் பெண் சிரித்தபடி தன் கேமராவைக் காட்டினாள். படத்தில் பொந்துக்குக் கீழே, செடி மறைக்கும் பின்பக்கம், சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. மரம் வெட்டப் போடும் குறி! திருட்டுக் கூட்டமே என்று கத்தி எல்லாரையும் விரட்டிவிட்டேன், அந்தப் பெண் அழுதுவிட்டாள். வீட்டில் சொன்னால் உன் அம்மா, பெயிண்ட் அடித்தவளே அதைப் படமெடுத்து உங்களிடம் காட்டுவாளா என்று கேட்கிறாள். தோட்டத்து மரத்தில் குறி போடுவது ஆபீஸ்தானே என்று நேரே சசிதரனிடம் போனேன். முகத்தைப் பார்க்காமல், "மரத்த வெட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு மாமா, சித்ரா பௌர்ணமி பூசை முடியட்டும்னு நான்தான் தள்ளி வச்சேன்" என்கிறான். வெளியாள் குறியைப் பார்த்து ஊரைக் கூட்டிவிடுவானோ என்று என்னை ஏவிவிட்டிருக்கிறான், பாவி. நம் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே.

நாங்கள் கத்தினால் எவன் கேட்பான்? அவர்கள் கேமராவோடு நின்றால் வெட்ட வருகிறவன் மரத்தில் கைவைக்கப் பயப்படுவான். அவர்கள் படமெல்லாம் பேஸ்புக்கில் போடுவார்களாம். நீ தேடிக் கண்டுபிடித்து அந்தப் பெண்ணிடம் பேசு. விரட்டிய கிழவன் மன்னிப்புக் கேட்கிறான், பௌர்ணமிக்குள் எல்லாரையும் அழைத்து வரச் சொல்கிறான் என்று சொல்.

இருவரும் நீடூழி வாழ்க. என் போனைப் பழுது பார்த்துத் தருவது சசிதரன்தான், அதில் இதைப் பற்றி எதுவும் அனுப்பாதே. அவனே கூப்பிட்டு நலம் விசாரித்தாலும் மூச்சு விடாதே.

அன்புள்ள அப்பா,
குழந்தைவேலு