மேம்பாலத்தில் பூட்டிய வண்டி

ராஜகீழ்ப்பாக்கம்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி அச்சுதனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் அப்பாவும் க்ஷேமம். புயல் போய் ஆறு நாளாயிற்று, தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, மோட்டாரும் ஓடுகிறது. அங்கே டொரன்டோவில் குளிர் தாங்கும்படி இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு விளக்கம் சொல்லிவிடுகிறாய். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புவேன், முழுக்கப் படித்துவிட்டுப் பேசு. நான் கோபமாக இருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் நீ லீவில் வந்தபோது நம் பதினாலு வருஷத்து வண்டியில் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பெட்டியைச் சொருகிவிட்டுப் போனாயே, அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பழைய வண்டிக்கும் மூளை வந்தாச்சு அம்மா, எஞ்சினில் என்ன கோளாறு, வண்டி எங்கே நிற்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும், திருடன் எடுத்தால் அங்கிருந்தே எஞ்சினைப் பூட்டிவிடுவேன் என்றாய். சரி, பிள்ளை ஆசையாகச் செய்கிறான் என்று இருந்தேன். கேம்ப் ரோட்டில் மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டால் உனக்குச் செய்தி வருகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் விபத்தா என்று கேட்கிறது. நான் அப்பளம் பொரிக்கும்போது கூப்பிட்டு ரேடியேட்டர் சூட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறாய். நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் அந்தப் பெட்டியே பாட்டரியைக் குடித்துவிடுகிறது, பிறகு பாட்டரி இறங்கிவிட்டது என்று அதுவே உனக்குச் சொல்கிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லை, என் போன் செத்துக் கிடந்தது. மூன்று மணிக்கு ஏரித் தண்ணீர் தெருமுனைக்கு வந்துவிட்டது. நம் டிரைவர் லாசரஸ் அனகாபுத்தூரிலிருந்து நனைந்துகொண்டே வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். "தண்ணி ஏறுது மேடம், வண்டிய மேடவாக்கம் பாலத்து மேல வுட்டுட்டு வந்துர்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். பெருமழை என்றால் இந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் மேம்பாலத்தில்தான் ஏறி நிற்கும் என்பது உனக்குத் தெரியாததா. நீயே ஒரு தடவை கொண்டுபோய் விட்டிருக்கிறாய். ஆனால் உனக்கு அப்போது விடியற்காலை நாலரை, வண்டி நீ குறித்துவைத்த எல்லை தாண்டிப் போகிறது என்று போன் கத்தியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டுக் கிடைக்கவில்லை என்றதும் வண்டியைப் பூட்டிவிட்டு, காலனி வாட்ஸ்அப் குழுவில் எங்கள் காரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், மேம்பாலத்தில் நிற்கிறது என்று போட்டுவிட்டாய்.

காலனி சங்கச் செயலாளர் சம்பத் அங்கேயேதான் தன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். போன வருஷம் குடிவந்தவர், லாசரஸை அவருக்குத் தெரியாது. நாலு பேராகச் சூழ்ந்துகொண்டார்கள். தோத்தாத்ரி சார் வண்டி, நான்தான் ஓட்டுகிறவன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்றார்களாம். இவர் சாவியைத் திருப்பினால் வண்டி உறுமக்கூட இல்லை, நீதான் பூட்டிவிட்டாயே. சொந்தச் சாவி வேலை செய்யாததே அவரைத் திருடனாக்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். சம்பத் அவரைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நம் வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள், என்னிடம் அடையாளம் கேட்க. தெருவே மாடியில் நின்று பார்த்தது. கையை விடுங்கள், இவர் எங்கள் மனுஷர் என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி நீ கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் நீ என்ன செய்தாய்? பூட்டை எடுத்துவிட்டாய், குழுவில் போட்டதை அழித்துவிட்டாய், எனக்கு சாரி அம்மா என்று அனுப்பினாய். தப்பு என்னுடையது என்று ஒரு வரி எழுதினாயா? அழித்தால் போயிற்றா, போட்டோ அனகாபுத்தூர் வரை போய்விட்டது. லாசரஸ் ஆறு நாளாக வரவில்லை. அப்பாவைப் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அப்பாவின் முடியாத வலது கையை எப்படித் தாங்கி ஏற்ற வேண்டும் என்று லாசரஸுக்குத்தான் தெரியும். அப்பா வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார்.

நேற்று லாசரஸ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டெபோரா காபி கொடுத்தாள், "சபையில போட்டாவக் காட்டிக் கேக்குறாங்கம்மா, நான் இன்னான்னு சொல்றது" என்று அழுதாள். லாசரஸ் உன்னைத் திட்டவில்லை, கையைப் பிடித்தவர்களையும் திட்டவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். சம்பத் போட்டோவைப் போட்டு இந்த ஆளைத் தெரியுமா என்று உன்னைக் கேட்டாராம். யாரென்று தெரியாது, விடாதீர்கள் என்று நீ எழுதியதை இவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாராம். "தம்பிக்கு என்னைத் தெரியலையாம் மேடம்" என்றார். பதினோரு வருஷம் உன்னைக் காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கொண்டுபோய் விட்டவர். அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன் அச்சு. மழைக்கோட்டுகூட இல்லை, முகம் நன்றாகத்தான் தெரிகிறது. அவசரத்தில் பார்த்திருப்பான் என்று சமாதானம் சொல்லப் போய், பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டி பாட்டரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும், பூட்டுகிற வயரை மட்டும் நாளைக்கு மெக்கானிக் எடுத்துவிடுவார். நீ அதற்கும் செய்தி வந்தது என்று பதறாதே. அதே குழுவில், உன் பெயரும் லாசரஸ் பெயரும் போட்டு, நடந்தது உன் தப்பு என்று இன்றைக்கே எழுது.

உனக்கு எல்லா மங்களமும் உண்டாகட்டும். கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆராதனைக்குப் போய்விடுவார், அதற்கு முன்பே அவரைக் கூப்பிடு. பேச ஆரம்பித்ததும் மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம். முதலில் லாசரஸ் அண்ணா என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரமா தோத்தாத்ரி