காயடிக்காத கிடாய்

சேசு மரி சூசை துணை

பாலக்காடு,
14-8-1974

அன்புள்ள என் வீட்டுக்காரர் மரியஜோசப் அவர்களுக்கு மதலேனம்மாள் எழுதுவது. நான் சுகம். தேவிகுளத்தில் மழை பலமென்று கேள்விப்பட்டேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

வேலந்தாவளம் சந்தையில் நான் கிடாய்களின் பின்பக்கம் குனிந்து பார்த்ததாக உங்கள் தம்பி அமிர்தநாதன் சொன்னது உண்மை. ஒன்றல்ல, பதினொரு கிடாய் பார்த்தேன். மானம் போயிற்று, மாதக் கடைசிக்குள் வேலையை விட்டு எஸ்டேட்டுக்கு வா, இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பார்த்தாய் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செம்மறிக் கிடாயின் விந்துச் சுரப்பியிலிருந்து ஒரு நொதியைப் பிரிக்கிறோம். பாலுக்கு உறைமோர் மாதிரி அது. ஒருவகைக் கொழுப்போடு சேர்த்தால் அதைப் பிராஸ்டகிளான்டினாக மாற்றிவிடும். உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லும் பொருள் அது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் சாரின் ஆராய்ச்சியே அந்த நொதியை நம்பித்தான். மூன்று மாதமாக ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. என் கை சரியில்லை, அடுத்த மாதம் வேறு ஆள் போடுகிறேன் என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே கசாப்புக்கடை ராக்கப்பனிடம் போய், எந்தக் கிடாயில் எடுத்துத் தருகிறீர்கள் என்று கேட்டேன். காயடிச்சதுதானுங்கம்மா, காயடிக்காத கிடாய்க் கறி வீச்சமடிக்குமுங்க, எவனுங்க வாங்குவான் என்றார். காயடித்ததில் அந்தச் சுரப்பி சூம்பித்தான் கிடக்கும். கறியே தொடாத சாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பழி மட்டும் என் கைக்கு!

அதனால்தான் சந்தையில் காயடிக்காததாக நானே பார்த்துப் பொறுக்கினேன். அறுத்த உடனே சுரப்பியை ஐஸில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். புடவையில் ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சௌகரியமாகப் போயிற்று.

நேற்று, கிடைத்ததைச் சோதிக்க, எலியின் கருப்பைத் துண்டில் ஒரு சொட்டு விட்டோம். அது சுருங்கியது. அதோடு கட்டியிருந்த ஊசி கரி பூசிய தாளில் கோடு கிழித்தபடி விறுவிறுவென்று மேலே ஏறியது. வேறு ஆள் போடும் பேச்சை சார் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் வெளியே போய் அழுதேன். பிரசவ வலி வராமல் இரண்டு நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் கிடந்ததும், பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனதும் உங்களுக்கு மறந்திருக்காது. வலி எடு என்று கருப்பைக்குச் சொல்லும் சேதி இதுதான்.

ஆகையால் நான் வரமாட்டேன். மாதக் கடைசிக்கும் வரமாட்டேன், வருஷக் கடைசிக்கும் வரமாட்டேன். அமிர்தநாதனிடமும் சொல்லிவிடுங்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும். அடுத்த சந்தைக்கு நீங்கள் வாருங்கள். கிடாய்கள் முட்டுகின்றன, கொம்பைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மதலேனம்மாள்