ராகு காலம் முடியட்டும் என்றேன்

அடியே,

பின்வாசல் படியில் கழற்றிப் போட்ட செருப்பு நாறுகிறது. ஆற்றுச் சேறு. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கலாம்தான், குனிய முடியவில்லை. வாரம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இன்றைக்குத்தான் லீவு. லீவு நாளில் துணிகூட ஊறப்போடாமல் நான் செமிலிங் படகுத்துறைக்குப் போய்வந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். "நீயா? சும்மா கத விடாத லா" என்பாய்.

கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அந்த இரைச்சலில் பேசிப் பேசி, நான் வீட்டிலும் கத்துகிறேன் என்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பீடோங் திரும்பும் பாக்டரி பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்குத்தான். மழை நாளில் கண்ணாடியில் படியும் ஆவியில் விரலால் ஆறு வரைவாய். பெரிய கோடு மெர்போக் ஆறு. அதிலிருந்து பிரியும் சின்னக் கோடு, சேற்றில் வேரூன்றி நிற்கும் பாக்காவ் மரக்காட்டுக்குள் நுழையும் கிளையாறு. பெரிய ஆற்றில் மோட்டார் போட்டுப் போகலாம். கிளையாற்றில் மோட்டார் ஆகாது. படகுக்கார மலாய்ப் பெரியவர், நாம் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், பின்னால் நின்று நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போவார் என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் உயிரை எடுத்தாய்.

"பெரிய ஆத்துல போனா ஒரு மணி நேரத்துல திரும்பிரலாம்டி. சோறாக்கணும்" என்பேன்.

"சோறு, சோறு! ஒரு நாளாச்சும் மெஷின் சத்தம் இல்லாம ஒக்காரணும்டி. நான் கேக்குறது அவ்ளோதான்."

இந்த வழக்கு இரண்டு வருடம் ஓடியது. உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகுதான் நான் வாயை மூடினேன். திங்கட்கிழமை உனக்கு டயாலிசிஸ் ஆரம்பம். அதற்கு முந்தின சனிக்கிழமை, கிளையாறு என்று முடிவாயிற்று. பாக்சிக் ஒன்றுதான் சொன்னார். ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், பிறகு தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு உனக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம்டி. வைத்தியம் தொடங்கப் போற நேரத்துல எதுக்கு வம்பு? முடியட்டும், வந்துர்றேன்."

 "சரி லா, சாமி விஷயம்" என்றாய்.

நம் ஆட்களிடம் ராகு காலம் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தெரிந்தேதான் சொன்னேன். என் புது மோட்டார்சைக்கிளையே ராகு காலத்தில் கடையிலிருந்து ஓட்டிவந்தவள் நான். அதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். உண்மை என்ன தெரியுமா? அடுத்தடுத்து இரண்டு நைட் ஷிப்ட். உடம்பு எழும்பவில்லை. தூங்குவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, சுவரில் தொங்கிய காலண்டர் எடுத்துக் கொடுத்தது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

நான் வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். எனக்கு வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தாய். கிளையாற்று வாய்வரை போனோம். பாக்காவ் வேர்களெல்லாம் வெளியே நின்றன, சேற்றில் நண்டு ஓடியது. பாக்சிக் கழியை ஊன்றிப் பார்த்தார். ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டு மோட்டாரை இழுத்தார். பெரிய ஆற்றில் அந்தச் சத்தத்துக்குள் நீ என்னிடம் என்னவோ கத்தினாய், எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பினோம். நான் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினேன்.

"பரவால்லடி, அடுத்த தடவ போலாம்" என்றாய். அடுத்த தடவை எங்கே? வாரம் மூன்று நாள் ஊசி, வீங்கிய கை, வாந்தி. ஆறாவது மாதம் போய்விட்டாய்.

இன்று காலை பாக்சிக், "பெரிய ஆறா, சின்னதா?" என்று கேட்டார். சின்னது என்றேன். கழி தண்ணீருக்குள் இறங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லையடி. நீ கேட்டது இதைத்தானா என்று அழுதேன்.

"உங்க சிநேகிதி வரலையா?" என்றார். சொன்னேன். தள்ளுவதை நிறுத்திவிட்டார். படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் போன் போட்டபோதே நீ பாதி வழியில் இருந்திருக்கிறாய், எட்டரைக்கே துறைக்கு வந்துவிட்டாயாம். தண்ணீர் இருக்கும்போதே உன்னை மட்டும் கிளையாற்றுக்குள் கூட்டிப்போய் வருவதாகச் சொன்னாராம். நீ மாட்டேன் என்றாயாம். அவர் மலாயில்தான் சொன்னார், எனக்கு உன் குரலில்தான் விழுந்தது: "ரெண்டு ராத்திரி வேல பாத்துருக்கா பாக்சிக். போன்லயே தூக்கக் கலக்கம். பாவம், தூங்கட்டும். அவ வந்தப்புறம் போலாம்."

ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டே ஆறு மாதம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாயே, பாவி! ஒரு நாள் திட்டியிருக்கக் கூடாதா? நாளைக்கு மறுபடி ஷிப்ட், ஐந்து மணிக்கு எழ வேண்டும். அலுப்பில் கை கால் கழன்று விழுகிறது. மத்தியானம் படுத்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் 'தூங்கட்டும்' என்கிறாய். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.